புலி இல்லாத புலிவார்டு

பொன்னமராவதியிலிருந்து மகள் வீட்டுக்குத் திருச்சி போனால், விடியற்காலையில் மெயின் கார்டு கேட்டிலிருந்து நடப்பேன். கோட்டை மதிலில் மிஞ்சிய வாசல் அது. 19-ஆம் நூற்றாண்டில் மதிலை இடித்து அகழியைத் தூர்த்த தடத்தில்தான் மேலப்புலிவார்டு, கீழப்புலிவார்டு ரோடுகள். சமதளம், என்னைப் போன்ற மூட்டுவலிக்காரருக்கும் சிரமமில்லை. ஆனால் கடைகள் திறக்குமுன் நடந்துவிட வேண்டும்.

புலிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 'பூல்வார்' என்ற பிரெஞ்சுச் சொல்தான் இப்படித் திரிந்தது. முதலில் அதற்குக் கோட்டைக் கொத்தளம் என்றே பொருள். பாரீசிலும் பழைய மதில் இருந்த இடத்தில்தான் பூல்வார்கள் போட்டார்கள்.

இந்த மதிலை முற்றுகையிட்டுப் பிடிக்க முடியாமல், 1752 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லா ஸ்ரீரங்கத்தில் சரணடைந்தார். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு வகுப்பில் தூப்ளேக்ஸின் பெருமையைத்தான் சொன்னார்கள், இதைச் சொல்லவில்லை. அந்தப் படிப்பு குமாஸ்தா வேலைக்கும் உதவவில்லை. எழுபது வயதுக்குமேல், மரக்கடைப் பக்கம் ஒரு பெயர்ப்பலகையைப் படிக்க உதவியது.