நடைபாதையிலிருந்து இறக்கப்பட்ட மின் ஸ்கூட்டர்

சிங்கப்பூரில் மின் ஸ்கூட்டரையும் உள்ளடக்கிய சட்டம் 2017இல் நிறைவேறி, 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. வண்டி 20 கிலோ எடையையும் 70 செ.மீ. அகலத்தையும் தாண்டக் கூடாது. நடைபாதையில் மணிக்கு 15 கி.மீ. என்றிருந்த வேக வரம்பு, 2019 பிப்ரவரியில் 10 ஆகக் குறைந்தது. அதுவும் போதவில்லை. அந்தச் செப்டம்பரில் பிடோக் பகுதியில் மின் ஸ்கூட்டருடன் மோதிய விபத்தில், சைக்கிளில் சென்ற 65 வயதுப் பெண் உயிரிழந்தார். நவம்பர் 5 முதல் நடைபாதையில் ஓட்டவே தடை வந்தது. மீறினால் 2,000 வெள்ளி வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை. சாலையில் ஏற்கெனவே அனுமதியில்லை. மிஞ்சியது சைக்கிள் பாதை மட்டுமே. தடை நியாயமானதுதான். ஆனால் உணவு விநியோக ஊழியர்களின் பிழைப்பு ஒரே நாளில் ஆட்டங்கண்டது. வேறு வாகனத்துக்கு மாற அரசு பின்னர் மானியம் அளித்தது. வீடுகளில் மின்கலம் தீப்பற்றிய சம்பவங்களால், 2020 ஜூலை முதல் தீப்பாதுகாப்புச் சான்றில்லாத வண்டிகளும் பொதுப் பாதைகளில் விலக்கப்பட்டன.