480 பேரின் முரசு

கற்பிட்டியில் எங்கட மூத்தம்மா எந்நேரமும் வெத்திலை போடுவா. துப்புவதெல்லாம் சிவப்பு. அதில் வெத்திலைச் சாறு எவ்வளவு, முரசில் இருந்து வந்த இரத்தம் எவ்வளவு என்று வீட்டில் யாரும் பார்த்ததில்லை. பல் ஆடத் தொடங்கியபோது, "வயசு போனா பல்லும் போறதுதானே மகன்" என்று சிரிச்சா. சில வருஷத்தில் சீனி வருத்தம், பிறகு மாரடைப்பு.

முரசுக்கும் நெஞ்சுக்கும் தொடர்பு இருக்கா? இதைத் தேடிப் போனபோது, கடற்கரையில் இருந்து மலையகத்துக்கு ஏற வேண்டி வந்தது.

ஹரால்ட் லோ நோர்வே நாட்டுப் பல் மருத்துவர். 1965இல் டென்மார்க்கில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொல்லிப் பார்த்தார். மூன்று கிழமைக்குள் எல்லாருடைய முரசும் வீங்கியது. திரும்ப விளக்கியதும் சுகமானது. பல்லில் படியும் கிருமிப் படலம்தான் காரணம் என்று தெளிவானது. ஆனால் வருஷக்கணக்காக அப்படியே விட்டால் என்ன நடக்கும்?

அதைப் பார்க்க அவருடைய குழு 1970இல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு வந்தது. பற்தூரிகைப் பழக்கமோ பல் வைத்தியமோ இல்லாத 480 ஆண் தொழிலாளர்களின் வாய்களை 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஒஸ்லோவில் சின்ன வயதில் இருந்தே பல் பராமரிப்புக் கிடைத்த ஒரு கூட்டம்.

1986இல் வெளிவந்த முடிவு ஆச்சரியமானது. தொழிலாளர்களிடம் சூத்தைப் பல் இல்லை என்றே சொல்லலாம். முரசு அழற்சி மட்டும் எல்லாரிடமும் இருந்தது. ஆனாலும் 11 வீதமானோருக்கு நோய் அதற்கு மேல் போகவில்லை. 81 வீதமானோருக்கு மெதுவாகக் கரைந்தது. மீதி 8 வீதமானோர் 45 வயதுக்குள் எல்லாப் பல்லையும் இழந்தார்கள். ஒரே வேலை, ஒரே வயது, மூன்று விதமான வாய். அப்போ பல்லைக் கொண்டுபோவது வயசு இல்லை, நோய்தான்.

இந்த ஆய்வின் தலைப்பில் 'இயற்கை வரலாறு' என்று இருக்கிறது. வைத்தியம் இல்லாமல் நோய் தன் போக்கில் போவதை மருத்துவத்தில் அப்படிச் சொல்வார்கள். ஆனால் 1948 சட்டம் மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. கொழுந்து பறித்தவரிடம் இல்லாத பல் வைத்தியம் ஒஸ்லோ மாணவனிடம் இருந்தது. இதில் இயற்கை எங்கே இருக்கு?

லோவின் ஆய்வு இதயத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கதை வேறு. 1900இல் லண்டன் மருத்துவர் வில்லியம் ஹண்டர், வாய்க் கிருமிகள் உடம்பெங்கும் நோய் பரப்புகின்றன என்று எழுதினார். அதை நம்பிப் பல ஆண்டுகள் ஆயிரக்கணக்கானோரின் பல்லைத் தேவையில்லாமல் பிடுங்கினார்கள். பிறகு அந்தக் கருத்தே கைவிடப்பட்டது. 1989இல் பின்லாந்தில் மாரடைப்பு வந்த 100 பேரை மற்றவர்களோடு ஒப்பிட்டபோது, அவர்களின் வாய்தான் மோசமாக இருந்தது. பழைய கேள்வி திரும்ப எழும்பியது.

வீங்கிய முரசு வழியாகக் கிருமிகள் இரத்தத்துக்குள் போகின்றன. நாள்பட்ட அழற்சி இரத்தக் குழாய்களையும் பாதிக்கலாம். ஆனால் புகைத்தலும் சீனி வருத்தமும் முரசையும் இதயத்தையும் சேர்த்தே கெடுப்பவை. அமெரிக்க இதயச் சங்கம் 2012இல் சொன்னது இதுதான்: தொடர்பு உண்டு, ஆனால் முரசு நோய்தான் இதய நோயைத் தருகிறது என்பதற்கோ, முரசைச் சுகப்படுத்தினால் மாரடைப்பைத் தடுக்கலாம் என்பதற்கோ ஆதாரம் இல்லை. ஒரு விஷயம் மட்டும் உறுதி. வாதக் காய்ச்சலால் இதய வால்வு பழுதானவர்களுக்கு, வாய்க் கிருமி அந்த வால்விலேயே தொற்றி உயிருக்கு ஆபத்தாகலாம். அவர்கள் பல் பிடுங்க முதல் அதைக் கட்டாயம் வைத்தியரிடம் சொல்ல வேணும்.

மூத்தம்மாவின் மாரடைப்புக்கு முரசுதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியாது. ஹண்டர் காலத்துப் பிழையை நானும் செய்யக்கூடாது. ஆனால் அந்தச் சிவப்பை வயசின் கணக்கில் எழுதியது பிழை. அரசாங்க ஆஸ்பத்திரியில் பல்லுக்குக் காசில்லாமல் வைத்தியம் பார்க்கலாம். உங்கட வீட்டில் வெத்திலை போடுகிற ஒரு மூத்தம்மா இருந்தால், இண்டைக்கு ஒருக்கா வாயைக் கொப்பளிச்சிட்டுக் காட்டச் சொல்லிப் பாருங்க.