அட்டை (சொல்)

அட்டை என்பது இரத்தம் குடித்து வாழும் வளையுடல் புழுவைக் குறிக்கும் தமிழ்ச்சொல். பேச்சு வழக்கில் அட்டைப்பூச்சி. மண்புழுவுக்கு உறவான இதைப் பூச்சி என்பது உயிரியல்படி தவறுதான். பாம்பையே பூச்சி என்று சொல்லிப் பழகிய ஊர்களில் அது யாரையும் உறுத்துவதில்லை.

திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையடிவாரத்தில் உள்ள பழைய பாளையமான கன்னிவாடிப் பக்கம் இந்த ஒரு சொல் இரண்டு உயிர்களுக்கு வழங்குகிறது. கீழே குளம் குட்டைகளில் இருப்பது நீரட்டை. தண்ணீருக்குள் இறங்கும் மாட்டையும் மனிதரையும் பற்றும். மேலே ஆடலூர், பன்றிமலை, தாண்டிக்குடிக் காப்பித் தோட்டங்களிலும் கொடைக்கானல் சோலைகளிலும் இருப்பது நில அட்டை. வெயில் காலத்தில் கண்ணில் படாது. வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் சருகுக்கு மேலே வந்து, பின்முனையை ஊன்றி, முன்முனையை ஆட்டியபடி ஆள் வரக் காத்திருக்கும். மூச்சுக் காற்றும் உடற்சூடும் காலடி அதிர்வும் அதற்குத் துப்பு. கடித்தது தெரியாது, ஏறியதும் பெரும்பாலும் தெரியாது. பேச்சில் 'அட்டை கடிச்சிருச்சு' என்பதோடு 'அட்டை ஏறிருச்சு' என்பதும் உண்டு. உப்பு, புகையிலை, சுண்ணாம்பு ஆகியவை அதை விழவைக்கும் பழைய கைமருந்துகள்.

மெத்தையில் கிடத்தினாலும் அட்டை செத்தையைத்தான் தேடும் என்பது பழமொழி. செத்தை என்றால் சருகும் குப்பையும். குளத்து அட்டைக்குச் செத்தையில் வேலையில்லை. ஆகவே இதைச் சொன்னவர் மனத்தில் இருந்தது காட்டு அட்டையாகவே இருக்க வேண்டும்.

நில அட்டைப் பேரினத்தின் அறிவியல் பெயர் ஹீமடிப்சா. இரத்தம், தாகம் என்னும் கிரேக்கச் சொற்களால் ஆனது. வடமொழியின் ஜலௌகஸ் 'நீரை வீடாகக் கொண்டது' என்று பொருள்படும். கிரேக்கப் பெயர் அது குடிப்பதைப் பார்த்தது, வடமொழிப் பெயர் இருப்பிடத்தைப் பார்த்தது. தமிழ்ச் சொல்லில் இரத்தமும் இல்லை, நீரும் இல்லை. 'ஒட்டு' என்னும் வினையோடு இதைச் சேர்த்துப் பார்க்க ஒலியும் பொருளும் இடம் தருகின்றன. 'அட்டை மாதிரி ஒட்டிக்கிட்டான்' என்ற பேச்சும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஆனால் சொல்லின் பரப்பைப் பார்த்தால் உடல் வடிவமும் கணக்கில் வந்திருப்பது புரியும். மரவட்டை (மரம் + அட்டை) மக்கிய இலையைத் தின்னும் ஆயிரங்கால் உயிர். மன்னார் வளைகுடாவின் கடல் அட்டை கடலடி மணலில் கிடந்து வண்டலை உண்பது. 2001 முதல் இந்தியாவில் அதைப் பிடிக்கத் தடை. இரண்டும் ஒரு சொட்டு இரத்தமும் குடிப்பவை அல்ல. நீண்டு, மெல்ல ஊர்வதே இவற்றுக்குப் பொது.

புத்தக அட்டை, குடும்ப அட்டை என்பவற்றில் வரும் அட்டை வேறு சொல். தெலுங்கில் புத்தக மேலுறை 'அட்ட', இரத்தம் குடிப்பது 'ஜலக'. மலையாளத்தில் மேலுறை 'சட்ட', இரத்தம் குடிப்பது 'அட்ட'. இம்மூன்றில் தமிழில் மட்டும் இரண்டும் ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கின்றன. தாளை ஒட்டி ஒட்டிச் செய்வதால் இப்பெயர் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

மருத்துவத்தில் அட்டைக்கு மரியாதையான இடம் உண்டு. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவ முறைகளில் அட்டை விடல் ஒன்று. சுசுருத சம்ஹிதை அட்டைகளைப் பன்னிரண்டாகப் பிரித்து, ஆறு நஞ்சுள்ளவை, ஆறு நஞ்சில்லாதவை என்கிறது. கடிவாயில் இரத்தம் உறையாமல் வழிவதன் காரணம் அட்டையின் உமிழ்நீரில் இருப்பதை 1884இல் ஜான் பெர்ரி ஹேகிராஃப்ட் கண்டறிந்தார். அந்தப் பொருளுக்குப் பின்னர் ஹிருடின் என்று பெயர் வந்தது. பழைய ஆங்கிலத்திலோ அட்டைக்கும் வைத்தியருக்கும் ஒரே சொல்தான்.