மின்நிலையத்துப் பாட்டும் சைக்கிள் டைனமோவும்

இம்மாத இசை வரலாற்றுப் பேச்சில் ஒரு ஜேர்மன் குழுவின் மேடைப்பதிவை மீண்டும் கேட்டுப் பார்ப்போம். குழுவின் பெயர் கிராஃப்ட்வெர்க். ஜேர்மன் மொழியில் அதற்கு மின்நிலையம் என்று பொருள். 1970இல் டுசல்டோர்ஃப் நகரில் ரால்ஃப் ஹூட்டரும் ஃபுளோரியன் ஷ்னைடரும் இதைத் தொடங்கினார்கள். 1983க்குப் பின் எங்கள் உறவுகள் பலர் தஞ்சம் புகுந்த மாநிலம் அது. ஹம் காமாட்சி அம்மன் கோயில் இருப்பதும் அங்கேதான்.

நெடுஞ்சாலைப் பயணத்தை 22 நிமிடத்துக்கு மேல் மின்னிசையில் வர்ணிக்கும் 'ஓட்டோபான்' 1974இல் வந்தது. அடுத்த ஆண்டு வந்த 'ரேடியோ ஆக்டிவிட்டி' பெயரிலேயே ஒரு சிலேடை. வானொலியின் வேலையையும் அது குறிக்கும், கதிரியக்கத்தையும் குறிக்கும். 1981 உலகப் பயணத்தில் இவர்கள் அவுஸ்திரேலியாவுக்கும் பம்பாய்க்கும் வந்தார்கள்.

2004ஆம் ஆண்டுப் பயணத்தில் பதிவான 'மினிமம் மாக்சிமம்' என்ற இரட்டை இறுவட்டு 2005இல் வெளியானது. மேடையில் நால்வர் கணினிகளுக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறார்கள். இயந்திரம் வாசிப்பதை மேடை நிகழ்ச்சி என்று சொல்லலாமா என்று பலர் கேட்டதுண்டு.

இறுவட்டைக் கேட்டால் விடை கிடைக்கும். கல்குலேட்டர் பற்றிய பாட்டை டோக்கியோவில் ஜப்பானிய மொழியில் பாடும்போது சபை ஆர்ப்பரிக்கிறது. 1975இல் கதிரியக்கத்தை எச்சரிக்கை எதுவுமின்றிப் பாடிய அதே பாட்டு, இந்தப் பதிவில் செர்னோபில், ஹிரோஷிமா ஆகிய பெயர்களைச் சொல்லி, 'நிறுத்து' என்று கேட்கிறது. 1986 விபத்துக்குப் பின் பாட்டின் பொருளைப் பாடியவர்களே மாற்றிவிட்டார்கள். இயந்திரத்துக்குப் பின்னால் மனச்சாட்சியுள்ள மனிதர் நிற்கிறார் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

இது எங்களுக்குப் புதிய விடயமல்ல. 1990 ஆனியில் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமற் போனது. பற்றரிக்கும் தடை. அந்த ஆண்டுகளில் எங்கள் சனம் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டது. கை ஓய்ந்தால் வானொலியும் ஓய்ந்துவிடும். செய்தி முடியுமட்டும் ஆள் மாறி ஆள் சுற்ற வேண்டும். பாட்டுக்கேட்க ஆசைப்பட்ட பிள்ளைகளும் அந்தப் பெடலைச் சுற்றினார்கள்.

கிராஃப்ட்வெர்க் குழுவினரும் சைக்கிள் பிரியர்கள்தான். ஓடுபவரின் மூச்சையும் சங்கிலியின் ஓசையையும் தாளமாக்கி 'டூர் டி பிரான்ஸ்' என்ற பாட்டை அவர்கள் வெளியிட்டதும் 1983இல்தான். அங்கே அது விளையாட்டைப் பற்றிய பாட்டு. எங்களுக்குச் சில ஆண்டுகளின் பின் சைக்கிளே மின்நிலையமாயிற்று.

2013 மே மாதத்தில் இந்தக் குழு சிட்னி ஒபரா ஹவுஸில் நான்கு நாட்களில் தன் எட்டு இசைத்தட்டுகளையும் வாசித்தது. ஷ்னைடர் 2020இல் காலமானார். இங்கு வளர்ந்த பிள்ளைகளோடு சேர்ந்து இந்தப் பதிவைக் கேளுங்கள். சைக்கிள் பாட்டு வரும்போது, எங்கள் வீடுகளில் வானொலி எப்படிப் பாடியது என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.