வேது, பேதி, ரசாயனம்: காவிரிக்கரை மருத்துவ மரபில் விடுபட்டுப்போன நடுப்படி

திருச்சியிலிருந்து துறையூர் சாலையில் சுமார் இருபது கிலோமீட்டர் போனால் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள் ஸ்வஸ்திக வடிவக் கிணற்றையும் பார்த்துவிட்டே திரும்புவார்கள். தந்திவர்ம பல்லவனின் 4-ஆம் ஆட்சியாண்டில் ஆலம்பாக்கத்துக் கம்பன் அரையன் தொடங்கி 5-ஆம் ஆண்டில் முடித்த மார்ப்பிடுகு பெருங்கிணறு அது. காலம் ஏறத்தாழ கி.பி. 800. நான்கு புறமும் இறங்கும் படிகள் நடுவே மடங்கித் திரும்புவதால், ஒரு துறையில் குளிப்பவர் மற்றத் துறையில் இருப்பவர் கண்ணில் படமாட்டார். மூப்பு வந்து தளர்த்துவதற்கு முன்பே, உண்டது போக மிஞ்சியதை ஊரறிய அறத்துக்கு வைத்துவிடச் சொல்கிறது அங்குள்ள கல்வெட்டுப் பாடல். உடலைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் வசதி இப்பகுதியில் பொது அறமாகவே செய்து தரப்பட்டது.

அந்த அறம் நீரோடு நிற்கவில்லை. ஹொய்சள வீர ராமநாதன் ஆட்சியில், 1257-இல், சிங்கண்ண தண்டநாயக்கன் ஸ்ரீரங்கம் கோயிலுக்குள் ஓர் ஆரோக்கியசாலையை ஏற்படுத்தி, அதைக் கருடவாகன பண்டிதர் பொறுப்பில் விட்டான். அது பிற்காலத்தில் பாழ்பட்டது. சகம் 1415-இல், அதாவது 1493-இல், கருடவாகன பட்டர் என்ற அதே பட்டப்பெயருடைய ஒருவர் அதைப் புதுப்பித்துத் தன்வந்திரியையும் எழுந்தருளச் செய்தார். ஏறக்குறைய இருநூற்று நாற்பது ஆண்டுகள் கழித்தும் அதே பெயர் அதே பொறுப்பில் தொடர்வதை நான் முக்கியமான செய்தியாகக் கருதுகிறேன். மருந்து கொடுக்கும் கடமையை ஒரு மரபு தலைமுறை தலைமுறையாகச் சுமந்திருக்கிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் கோயில் வளாகத்தில் இருக்கிறது.

இத்தகைய சாலைகளில் என்ன மருந்து இருந்தது என்பதற்கு வேறோர் ஊரின் சான்று உதவுகிறது. காஞ்சிபுரத்துக்கு அருகே திருமுக்கூடலில் உள்ள வீரராஜேந்திர சோழன் (1063–1070) காலக் கல்வெட்டு, பதினைந்து படுக்கைகள் கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலையைப் பற்றிப் பேசுகிறது. மருத்துவர், அறுவை செய்பவர், மருந்து சேகரிப்பவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பெண்கள், நாவிதர் எல்லோருக்கும் ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளில் தசமூல ஹரீதகி, கோமூத்திர ஹரீதகி எனக் கடுக்காய் சேர்ந்தவை பல. ஏரண்டம் என்னும் ஆமணக்கு சேர்ந்த தைலங்களும் உண்டு. கடுக்காயும் ஆமணக்கும் வயிற்றைக் கழியச் செய்பவை. அந்தச் சாலையின் மருந்தறையில் பேதிக்கு உரிய இடம் இருந்தது.

உடலை வியர்க்க வைக்கும் வேதுக்கு எந்த இடம்? சரக சம்ஹிதையின் சூத்திரஸ்தானம் 14-ஆம் அத்தியாயம் முழுதும் வேதைப் பற்றியதுதான். நெருப்பின் துணையோடு செய்பவை பதின்மூன்று வகை. வெயில், உடற்பயிற்சி, கனத்த போர்வை போன்றவற்றால் நெருப்பில்லாமல் வியர்க்க வைப்பவை பத்து. பதின்மூன்றில் ஒன்றான ஜேந்தாகம் இன்றைய சவுனாவுக்கு மிக நெருக்கமானது. நீர்நிலையின் தென்கரையிலோ மேற்கரையிலோ, பதினாறு முழ அளவில் வட்டமாகக் கட்டி மண் பூசிய கூடம். சுவரை ஒட்டிச் சுற்றிலும் ஒரு முழத் திண்ணை. நடுவில் ஆள் உயர மண் அடுப்பு. கருங்காலி போன்ற விறகு எரிந்து புகை அடங்கிய பிறகே, எண்ணெய் தேய்த்து உடலைத் துணியால் மூடிய நோயாளி உள்ளே போகலாம். மயக்கம் வந்தாலும் திண்ணையை விட்டு இறங்கக்கூடாது, திண்ணையைப் பற்றியபடியே வாசலுக்கு வர வேண்டும், விட்டால் வாசல் தெரியாமல் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் முன்கூட்டியே எச்சரிக்க வேண்டுமாம். வெளியே வந்தவுடன் குளிர்ந்த நீரில் இறங்கவும் கூடாது. ஒரு முகூர்த்தம் இளைப்பாறி வெந்நீரில் குளிக்க வேண்டும். கர்ப்பிணி, மது அருந்தியவர், பசியும் தாகமுமாக இருப்பவர், மதுமேக நோயாளி ஆகியோருக்கு வேதே விலக்கு. வெப்பம் ஆளைச் சாய்க்கக்கூடியது என்பதைத் தெரிந்தவர்கள் எழுதிய நூல் இது.

அந்த மரபில் வேது ஒரு முன்படி மட்டுமே. எண்ணெயால் நெகிழ்த்தி, வெப்பத்தால் இளக்கி, உடலெங்கும் ஒட்டிய குற்றங்களைக் குடலுக்குக் கொண்டுவருவது அதன் வேலை. வெளியேற்றுவது வாந்தி, பேதி, வஸ்தி (எனிமா) போன்றவை. வியர்வையையும் உடலின் மலங்களில் ஒன்றாக அந்நூல்கள் எண்ணின. ஆனால் சுத்திகரிப்பை அதனிடம் ஒப்படைக்கவில்லை. உடலை வளர்க்கும் ரசாயனங்களுக்கு இடம் கடைசியில்தான். சுத்தி செய்யாத உடலில் ரசாயனம் கொடுப்பது அழுக்குத் துணியில் சாயம் ஏற்றுவது போன்றது என்கிறது சுசுருத சம்ஹிதை. சித்த மருத்துவத்திலும் இந்த ஒழுங்கு உண்டு. தேரையர் பெயரில் வழங்கும் பிணியணுகா விதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை நசியம் (மூக்கில் விடும் மருந்து), நான்கு நாளுக்கு ஒருமுறை எண்ணெய் முழுக்கு என்று கால வரையறையே கொடுக்கிறது. விடுமுறையில் பிள்ளைகளைப் பிடித்து உட்காரவைத்து விளக்கெண்ணெய் கொடுத்த பாட்டிகள் அந்த அட்டவணையின் கடைசிக் கண்ணிகள்.

திருப்பம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்தது, அதுவும் ஜெர்மனியிலிருந்து. லைப்சிக் நகரத்து லூயிஸ் கூனே, நோய்கள் எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றே, உடலில் தேங்கும் அந்நியப் பொருளே அது என்றார். நீராவிக் குளியலையும் தொட்டிக் குளியலையும் அதற்கு மருந்தாகச் சொன்னார். அவருடைய நூல் இந்திய மொழிகளிலும் பரவியது. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றின் சமநிலை பற்றிய கேள்வி, ‘உள்ளே இருக்கும் அழுக்கு’ என்ற ஒற்றைக் கேள்வியாகச் சுருங்கிய இடமாக இதையே நான் பார்க்கிறேன். காந்தி கூனேயை விரும்பிப் படித்தவர். 1942-இல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய ஆரோக்கிய நூலில் நீராவிக் குளியலை விவரிக்கிறார்: தளர்வாகப் பின்னிய கயிற்றுக் கட்டில், மேலே கம்பளி, கட்டிலுக்கு அடியில் கொதிநீர்ப் பாத்திரம். சரகர் சொல்லும் கும்பி வேதும் கிட்டத்தட்ட இதுதான். அங்கே பானையைப் பாதி புதைத்து, பழுக்கக் காய்ச்சிய இரும்புக் குண்டையோ கல்லையோ உள்ளே போடுவார்கள். கருவி மாறவில்லை, அதைச் சுற்றியிருந்த மருத்துவம் மாறிவிட்டது.

அமெரிக்காவில் எல். ரான் ஹப்பர்ட் 1979-ஐ ஒட்டி வகுத்த முறையில் இந்த மாற்றம் உச்சத்தைத் தொட்டது: நாளுக்கு ஐந்து மணி நேரம் வரை சவுனா, கூடவே படிப்படியாகக் கூட்டப்படும் நியாசின் என்ற வைட்டமின். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்குத் தேவை 16 மில்லிகிராம். அம்முறையில் அது ஆயிரக்கணக்கான மில்லிகிராம் வரை போகிறது. அந்த அளவு கல்லீரலைத் தாக்கக்கூடியது. முதற்படியும் கடைசிப்படியும் இங்கே இருக்கின்றன, நடுப்படி இல்லை. அதன் வேலை வியர்வையின் தலையில் விழுந்தது. இன்று நம் ஊர் ஸ்பாக்கள் ‘டீடாக்ஸ்’ என்று விற்கும் நீராவிப் பெட்டியும் மாத்திரைப் புட்டியும் இதே அமைப்புதான்.

வியர்வை பெரும்பாலும் நீரும் உப்பும். ஈயம் போன்ற உலோகங்கள் அதில் சிறிதளவு வருவது உண்மை. ஆனால் நஞ்சை மாற்றியமைப்பது கல்லீரல், வடிகட்டி அனுப்புவது சிறுநீரகம். பின்லாந்தில் 2,315 நடுத்தர வயது ஆண்களை நெடுங்காலம் தொடர்ந்து கவனித்து 2015-இல் வெளியான ஆய்வு, அடிக்கடி சவுனா எடுப்பவர்களிடம் திடீர் இதயச் சாவு குறைவாக இருந்ததைக் கண்டது. அந்த ஆய்வு பார்த்தது இதயத்தை. நஞ்சு வெளியேறியதா என்பதை அல்ல. ஆவி மீதான நம்பிக்கை வரம்பு மீறியதும் உண்டு: 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், பொது இடங்களில் கூடி ஆவி பிடிக்க வேண்டாம் என்று தமிழகச் சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் கேட்டுக்கொள்ள வேண்டிவந்தது. தொற்று அதனாலேயே பரவும் என்ற அச்சம்.

மாத்திரைப் புட்டியின் பக்கம் இன்னும் கவலை தருகிறது. இணையத்தில் விற்கப்பட்ட ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2008-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஆய்வு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருப்பதைக் காட்டியது. உடலில் ஈயம் ஏறிய ஒருவருக்கு மருத்துவமனையில் தருவது அதைப் பிணைத்துச் சிறுநீரோடு இறக்கும் மருந்து. எவ்வளவு இறங்கியது என்பதை இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து பார்த்தே அடுத்த சுற்று மருந்தை முடிவு செய்கிறார்கள்.