பாதியில் நின்ற மாணவனும் மைக்கேல் வெஸ்ட்டின் கணக்கும்

ஆங்கிலம் கற்பித்தலின் வரலாறு பெரும்பாலும் முறைகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. இலக்கண-மொழிபெயர்ப்பு முறை, நேர்முறை, அமைப்பு முறை, கருத்துப் பரிமாற்ற முறை என அடுக்கப்படும் அவ்வரலாற்றில், படிப்பை முடிக்காமலே பள்ளியை விட்டு வெளியேறிய மாணவனுக்கு இடமில்லை. அவனை மையத்தில் நிறுத்திப் பாடத்திட்டத்தைச் சிந்தித்தவர் ஒருவர் உண்டு. அச்சிந்தனை உருப்பெற்ற இடம் பிரிக்கப்படாத வங்காளத்தின் டாக்கா நகரம்.

மைக்கேல் பிலிப் வெஸ்ட் (1888-1973) இந்தியக் கல்விப் பணியில் இருந்த ஆங்கிலேயர். 1920களில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தார். வங்காளத்தைச் சிறப்பாகக் கருத்திற்கொண்டு இருமொழியம் பற்றி அவர் எழுதிய ஆய்வறிக்கையை 1926-இல் இந்திய அரசின் கல்விச் செயலகம் கல்கத்தாவிலிருந்து வெளியிட்டது. மொழிக் கற்பித்தலைக் கருத்து மோதலாக மட்டும் விடாமல், வகுப்பறைச் சோதனைகளின் துணையோடு அணுகிய தொடக்ககால நூல்களுள் அது முக்கியமானது.

அக்கால வங்காளத்தில் உயர்நிலைப் பள்ளிகளின் மேல்வகுப்புகளில் பெரும்பாலும் ஆங்கிலமே பயிற்று மொழி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வே பள்ளிக் கல்வி முழுவதற்கும் அளவுகோல். ஐரோப்பாவில் உருவான நேர்முறையோ தாய்மொழியை வகுப்பிலிருந்து விலக்கிப் பேச்சிலிருந்து தொடங்கச் சொன்னது. சரளமாகப் பேசும் ஆசிரியரும் சிறிய வகுப்பும் இருந்தால்தான் அது இயங்கும். வங்காளப் பள்ளிகளில் இரண்டும் அரிது. பேச்சுப் பயிற்சி என்ற பெயரில் சில வாக்கியங்களை ஒப்பிப்பதே நடந்தது. தேர்வு வரை வராமலே ஏராளமான மாணவர்கள் நின்றுபோயினர்.

இங்கேதான் வெஸ்ட் காப்பீட்டுத் துறையிலிருந்து ஒரு சொல்லைக் கடன் வாங்கினார். காப்பீட்டுப் பத்திரத்தை முதிர்வுக்கு முன்பே ஒப்படைத்துவிட்டால், கட்டிய தொகைக்கு ஈடாக ஏதோ ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும்; அதற்குச் சரண்டர் மதிப்பு என்று பெயர். கல்விக்கும் அப்படியொரு மதிப்பு உண்டு என்றார் வெஸ்ட். ஒரு பாடத்தை முடிக்காமல் பாதியில் விட்டுச் செல்பவன், தான் செலவிட்ட காலத்துக்கு ஏற்ற பயனைக் கையோடு கொண்டுபோகிறானா? நான்காண்டு கற்றவனுக்கு நான்காண்டுக்குரிய பயன் இருக்கிறதா? அல்லது பத்தாண்டு முழுதும் கற்றவனுக்கு மட்டுமே பயன் தரும்படி பாடத்திட்டம் அமைந்திருக்கிறதா?

இந்தக் கேள்வியிலிருந்துதான் வாசிப்புக்கு முதலிடம் என்ற அவரது முடிவு பிறந்தது. சில ஆண்டுகள் மட்டும் பேசக் கற்று, பேச ஆளில்லாத ஊருக்குத் திரும்புபவனிடம் அம்மொழி நிலைப்பதில்லை. எளிய நூலொன்றை வாசிக்கும் திறன் பெற்றவனோ ஆசிரியரின் துணையின்றியே மேலும் கற்கலாம். அத்துடன், வங்காளியிடம் வளமான இலக்கியம் உண்டு; அறிவியல், தொழில்நுட்பம் முதலான துறைகளின் தகவல் நூல்களே அவனுக்குத் தேவை; அவை ஆங்கிலத்தில் இருப்பதால் வாசிக்கும் ஆங்கிலமே முதன்மைத் தேவை என்றும் அவர் வாதிட்டார்.

வாசிப்பை விரைவில் கைவரச் செய்வதற்குத் தடையாக இருந்தவை பாடநூல்களே என்பதை வெஸ்ட் கண்டார். புதிய சொற்கள் நெருக்கமாகக் குவிந்திருந்தன. அவற்றுள் பல வழக்கொழிந்த இலக்கியச் சொற்கள். தார்ன்டைக் 1921-இல் வெளியிட்ட சொல் நிகழ்வெண் பட்டியலைக் கொண்டு அவர் அவற்றைக் களைந்தார். 'ஐல்' போய் 'ஐலண்ட்' வந்தது. 'நாட்' இருந்த இடத்தில் 'நத்திங்' அமர்ந்தது. 'ஏர்' என்பது 'பிஃபோர்' ஆயிற்று. புதிய சொல் ஒவ்வொன்றும் போதிய இடைவெளியில் அறிமுகமாகி, பலமுறை திரும்ப வருமாறு பாடங்கள் எழுதப்பட்டன. லாங்மன்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'நியூ மெத்தட்' வாசிப்பு நூல்கள் இவ்வாறு உருவானவை.

அதன்பின் நடந்தது உலகறிந்தது. 1934-இல் நியூயார்க்கிலும் 1935-இல் லண்டனிலும் கார்னகி நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சொல் தேர்வு மாநாடுகளில் ஹெரால்டு பாமர், தார்ன்டைக் ஆகியோருடன் வெஸ்ட்டும் பங்கேற்றார். 1935-இல் எண்டிகாட்டுடன் இணைந்து அவர் வெளியிட்ட அகராதி, 1,490 சொற்களை மட்டுமே கொண்டு சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் பொருள் விளக்கியது. 1953-இல் சுமார் 2,000 தலைச்சொற்கள் கொண்ட 'பொதுப் பயன்பாட்டுச் சொற்பட்டியல்' வந்தது. 2013-இல் அதற்குப் புதிய வடிவங்கள் தயாரிக்கப்படும் வரை அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஆய்வாளர்கள் அதையே அளவுகோலாகக் கொண்டனர்.

வெஸ்ட்டின் கணக்கில் ஒரு குறை உண்டு. தகவல் நூல்கள் வங்காள மொழியில் போதிய அளவு இல்லை என்பதை அவர் ஏறத்தாழ மாறாத நிலையாகவே எடுத்துக்கொண்டார். அது ஆட்சிமொழிக் கொள்கையின் விளைவு. 1835-க்குப் பின் அரசுப் பணம் எம்மொழிக் கல்விக்குச் சென்றது என்பதன் விளைவு. 1893-இல் தோன்றிய வங்கீய சாகித்திய பரிஷத் கலைச்சொற்களை உருவாக்குவதில் ஈடுபட்டிருந்தது. இராமேந்திரசுந்தர் திரிவேதி அறிவியலை வங்காளத்தில் எழுதினார். தாய்மொழிவழிக் கல்விக்காக 1892-லேயே வாதாடிய இரவீந்திரநாத் தாகூர், ஆங்கிலம் கற்பிக்கும் தொடக்கநூல்களையும் எழுதினார்; 1937-இல் 'விசுவ பரிசய்' என்னும் அறிவியல் நூலை வங்காளத்தில் தந்தார். அறிவைத் தாய்மொழிக்குக் கொண்டுவருவதும் ஆங்கிலத்தை நன்கு கற்பிப்பதும் ஒன்றையொன்று விலக்குவன என்று தாகூர் கருதவில்லை. குடியேற்ற அரசின் அதிகாரியான வெஸ்ட், வாசகனை உருவாக்க எண்ணினார். அவ்வாசகன் ஒருநாள் தன் மொழியில் எழுதுவான் என்பது அவர் திட்டத்தில் இடம்பெறவில்லை.

ஆயினும் அவர் எழுப்பிய கேள்வி அவரது விடையைவிடப் பெரியது. விடுதலைக்குப் பின் அமைப்புவழிப் பாடத்திட்டம் பரவியது. 1958-இல் ஹைதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. 1964-66 காலத்துக் கோத்தாரி ஆணையம் ஆங்கிலத்தை உயர்கல்வியின் நூலக மொழியாகக் கண்டது; வெஸ்ட்டின் வாசிப்புக் கருத்து அங்கே மறுபிறவி எடுத்தது எனலாம். ஆனால் நூலகம் வரை வந்து சேர்பவனைப் பற்றிய கருத்து அது. எட்டாம் வகுப்பில் நின்றுவிடுபவனைப் பற்றியது அன்று. 1960-இல் வெஸ்ட் 'கடினச் சூழல்களில் ஆங்கிலம் கற்பித்தல்' என்ற நூலை எழுதி நெரிசலான வகுப்பறையின் பக்கம் மீண்டும் திரும்பினார். துறையின் கவனமோ வேறு திசையில் சென்றுகொண்டிருந்தது.

சொற்பட்டியல் நிலைத்தது, அதைத் தேவையாக்கிய கணக்கு மறக்கப்பட்டது. இன்றும் பாடத்திட்டங்கள் இறுதித் தேர்வை நோக்கியே பின்னிருந்து வரையப்படுகின்றன. இறுதிவரை செல்பவர்களின் தேர்ச்சி விழுக்காடு ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. இடையில் விலகியவர்கள் எவ்வளவு ஆங்கிலத்தோடு விலகினார்கள், அதைக் கொண்டு எதை வாசிக்க அவர்களால் இயலும் என்பதைக் கேட்கும் ஆய்வு அரிதாகவே உள்ளது. ஒரு மொழிக் கல்வித் திட்டத்தின் நேர்மையை அளக்க அதன் கடைசி வகுப்பை மட்டும் பார்ப்பது போதாது. அதிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு வாசலிலும் நின்று பார்க்க வேண்டும். டாக்காவில் தொடங்கிய அக்கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை.