அகக்கூட்டுயிரி

அகம் என்றால் உள். வேறோர் உயிரோடு சேர்ந்து வாழ்வது கூட்டுயிரி. அந்த உயிரின் உடலுக்குள்ளேயோ உயிரணுவுக்குள்ளேயோ குடியிருந்தால் அகக்கூட்டுயிரி. கூட்டுயிர் வாழ்க்கையை இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் ஒன்றியவாழ்வு என்கின்றன, அழகான சொல். இக்கருத்துக்குக் கிரேக்க வேர்களிலிருந்து பெயர் தந்து அறிவியலில் நிலைநாட்டியவர் ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டோன் டி பாரி. 1879-இல் அவர் அச்சிட்ட இலக்கணம், வெவ்வேறு இன உயிர்கள் சேர்ந்து வாழ்தல் என்பது மட்டுமே. இரண்டுக்கும் நன்மை வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

பூஞ்சைக்குள் பாக்டீரியா அகக்கூட்டுயிரியாக வாழ்வதற்கு ரைசோபஸ் மைக்ரோஸ்போரஸ் தெளிவான சான்று. நெல் நாற்றைத் தாக்கும் பூஞ்சை இது. வேர் நுனி வீங்கி, வளர்ச்சி நின்று, நாற்று கருகும். காரணமான நஞ்சுக்குப் பூஞ்சையின் பெயரையொட்டி ரைசாக்சின் என்று பெயரிட்டார்கள். ஆனால் நஞ்சைச் செய்வது பூஞ்சை அல்ல, அதன் இழைக்குள் வாழும் பாக்டீரியா என்று லைலா பார்ட்டிடா மார்ட்டினெஸும் கிறிஸ்டியன் ஹெர்ட்வெக்கும் 2005-இல் காட்டினார்கள். என்னை இன்னும் வியக்க வைப்பது அடுத்த கண்டுபிடிப்பு: நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்து பாக்டீரியாவை அகற்றினால் பூஞ்சை வித்துகளை உண்டாக்குவதில்லை. திரும்பச் சேர்த்தால் மீண்டும் வித்து விடுகிறது. அந்த வித்துக்குள்ளேயே பாக்டீரியாவும் ஏறி அடுத்த தலைமுறைக்குப் போகிறது.

அந்த பாக்டீரியாவின் இன்றைய பேரினப் பெயர் மைசீட்டோஹாபிடன்ஸ். பொருள், பூஞ்சையில் குடியிருப்பது.